மூன்று கட்டடம், ஒரே மின்வலை: ஃபால்ட் எங்கே என்று கண்டுபிடிக்கும் வழியும் அதற்கான பாதுகாப்பும்

2022, 2023-இல் லோட் ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு ஆறாம் கட்டம் வரை போனபோது, தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றிச் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கமெல்லாம் கட்டடத்துக்கு ஒன்றாக இன்வெர்ட்டரும் பேட்டரியும் ஏறின. இப்போது அடுத்த ஆசை: "மண்டபத்துப் பேட்டரி வாரம் முழுக்கச் சும்மா கிடக்கிறதே, கோயிலுக்குக் கொடுத்தால் என்ன?" கொடுக்கலாம். கேபிள் இழுப்பது ஒரு நாள் வேலை. ஆனால் இழுத்த பிறகு எங்காவது ஒரு ஃபால்ட், அதாவது ஷார்ட் போன்ற கோளாறு, வந்தால் மூன்று கட்டடமும் ஒன்றாக இருண்டுபோகும். டிபி போர்டை (பிரேக்கர்கள் இருக்கும் பெட்டியை) திறந்து பார்த்தால் ஒரு பிரேக்கர்கூட விழுந்திருக்காது. டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எங்கே தேடுவது என்று நிற்கும் நிலை உங்களுக்கு வராமல் இருக்க, முதலிலிருந்து செய்ய வேண்டியவை இவை.

கணக்குக்காக ஓர் இடத்தை வைத்துக்கொள்வோம். ஒரே மனையில் கோயில், கல்யாண மண்டபம், சமையற்கூடம். மூன்றிலும் ஆளுக்கொரு 12 கிலோவாட் மூன்று ஃபேஸ் ஹைப்ரிட் இன்வெர்ட்டர், பேட்டரி, கூரையில் பேனல். மண்டபத்திலிருந்து கோயிலுக்கு 84 மீட்டர் ஆர்மர்டு கேபிள் (ஆர்மர் என்பது கோர்களைச் சுற்றிய உலோகக் கவசம்), 16 சதுர மி.மீ. செம்பு, நான்கு கோர். சமையற்கூடத்துக்கு இன்னொரு சிறிய கேபிள். பின்னால் 30 கேவிஏ டீசல் ஜெனரேட்டர். வெளி லைன் 400/230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். உங்கள் இடத்தின் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை இதுதான்.

## 1. பொருள் வாங்குமுன் காகிதம்

முதல் கேள்வி மனை எல்லை. மூன்று கட்டடமும் ஒரே மனையில், ஒரே மீட்டருக்குப் பின்னால் இருந்தால் அது உங்கள் வயரிங். கேபிள் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டுக்கோ, ரோட்டைத் தாண்டிப் பள்ளிக்கோ போனால் அது மின் விநியோகம். எலக்ட்ரீஷியன் கையெழுத்தால் சரியாகிற விஷயமில்லை. அப்படி ஆசை இருந்தால் முதலில் விநியோகிப்பவரிடம் எழுத்தில் கேளுங்கள், பதில் வரும்வரை குழி தோண்டாதீர்கள்.

இரண்டாவது, பதிவு. நம் உதாரணத்தில் மொத்தம் 36 கிலோவாட். 100 கிலோவாட்டுக்குக் கீழே என்பதால் மின் ஒழுங்குமுறை அமைப்பான நெர்சாவில் பதிவு வேண்டாம். ஆனால் யார் உங்களுக்கு பில் அனுப்புகிறார்களோ, அது டர்பனின் எத்தெக்வினி நகராட்சியானாலும் தேசிய மின் நிறுவனமான எஸ்காம் ஆனாலும், அவர்களிடம் பதிவு செய்தே ஆக வேண்டும். "வெளியே ஒரு யூனிட்கூட அனுப்பவில்லை" என்பது பதிவிலிருந்து விலக்குத் தராது. லைனோடு இணைந்து ஓடுகிற எந்த இன்வெர்ட்டரும் கணக்கில் வரும்.

கையில் இருக்க வேண்டியவை: இணைப்புப் பிரேக்கர்களும் (கட்டடங்களை இணைக்கும் கேபிளில் இருப்பவை) நியூட்ரல்-எர்த் பாண்டும் (நியூட்ரலும் எர்த்தும் சேரும் இடம்) தெளிவாகக் குறித்த ஒற்றைக்கோட்டு வரைபடம், ஒவ்வொரு இன்வெர்ட்டருக்கும் என்ஆர்எஸ் 097-2-1 (லைனோடு இணையும் இன்வெர்ட்டருக்கான தரநிலை) சோதனைச் சான்று, வேலை முடிந்ததும் சிஓசியும் (வயரிங் விதிப்படி இருக்கிறது என்ற சான்றிதழ்) அதன் சோதனை அறிக்கையும், கமிஷனிங் அறிக்கை, பில் அனுப்புபவர் கேட்டால் எக்சாவில் (பொறியாளர்களைப் பதிவு செய்யும் மன்றம்) பதிவான பொறியாளர் அல்லது டெக்னாலஜிஸ்டின் கையெழுத்து. சிஓசி போடுபவரின் பதிவு அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ஒற்றை ஃபேஸ் டெஸ்டர் என்று மட்டும் இருந்தால் மூன்று ஃபேஸ் வேலைக்கு அவர் கையெழுத்து செல்லாது. இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியன் அல்லது மாஸ்டர் இன்ஸ்டலேஷன் எலக்ட்ரீஷியன் வேண்டும்.

செலவில் அதிகம் ஏமாறுவது பொறியாளர் கட்டணத்தில்தான். மலிவான கொட்டேஷன் பெரும்பாலும் கையெழுத்துக்கு மட்டும். ஃபால்ட் கரண்ட் கணக்கு, ரிலே (அளவு தவறினால் பிரேக்கரைத் திறக்கச் சொல்லும் கருவி) செட்டிங் தாள், லைனை வெட்டி நேரில் செய்யும் சோதனை, இந்த மூன்றையும் தனித்தனி வரியாக எழுதிக் கேளுங்கள். கருவிகளில் எர்த் லீக்கேஜ் யூனிட் (எர்த்துக்குக் கசியும் கரண்டைக் கண்டு வெட்டுவது) நூறுகளில் முடியும். மெக்கரும் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) லீக்கேஜ் கிளாம்ப் மீட்டரும் ஆயிரங்களில். மோட்டார் வைத்த நான்கு போல் பிரேக்கர், ரிலே, பேனல் என்று போனால் பத்தாயிரங்களில் ராண்ட். கடைசிச் செலவைத் தவிர்க்கத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். இணைப்பே வேண்டாம் என்று விட்டுவிடுவது அதைவிட நல்லது.

நேரத்தைப் பொறுத்தவரை, அனுமதி வாரக் கணக்கிலும் வரும், மாதக் கணக்கிலும் இழுக்கும். விண்ணப்பம் முதலில், பணம் கட்டுவது பிறகு. தைப்பூசக் காவடிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இணைப்பை ஆன் செய்யத் திட்டமிடாதீர்கள். அது இங்கே கோடைமழைக் காலம். ஈரத்தில் வருகிற ஃபால்ட் எல்லாம் கூட்டம் நிற்கும் நாளில்தான் வெளியே வரும்.

## 2. நான்கு நிலைகளை ஒரு தாளில் எழுதுங்கள்

இந்த அமைப்பு ஒன்றல்ல, நான்கு: லைன் இருக்கும்போது, லைன் போய் மூன்றும் இணைந்து ஓடும்போது, லைன் போய் ஒவ்வொன்றும் தனியாக ஓடும்போது, ஜெனரேட்டரில் ஓடும்போது. ஒவ்வொரு நிலைக்கும் ஐந்து விஷயம் எழுதுங்கள். வோல்டேஜையும் ஃப்ரீக்வென்ஸியையும் பிடித்து நிறுத்துவது யார், அதிகபட்ச ஃபால்ட் கரண்ட், குறைந்தபட்ச ஃபால்ட் கரண்ட், நியூட்ரல்-எர்த் பாண்ட் எங்கே, எந்த இணைப்புப் பிரேக்கர் மூடியிருக்கிறது.

முதல் கேள்வியிலேயே பலர் தடுக்கி விழுவார்கள். இன்வெர்ட்டரின் பேரலல் போர்ட் பக்கத்துப் பக்கத்தில் மாட்டிய ஒரே கம்பெனிப் பெட்டிகளுக்காக. 84 மீட்டர் தள்ளி இருக்கும் கட்டடத்துக்கு அது உதவாது. தூரத்தில் இருக்கும் இரண்டு இன்வெர்ட்டர்கள் தாமே வோல்டேஜ் உருவாக்கிக்கொண்டு ஒன்றாக ஓட வேண்டுமென்றால் ட்ரூப் முறை (லோடுக்கு ஏற்ப ஃப்ரீக்வென்ஸியைச் சற்றே இறக்கிச் சுமையைப் பகிர்ந்துகொள்வது) அவற்றின் கையேட்டிலேயே எழுதியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் தலைவர், மற்றவர்கள் அவரைப் பின்பற்றுபவர்கள். தலைவர் இருவர் ஆனால் ஃபேஸ் மோதி இன்வெர்ட்டர் வெடிக்கவும் கூடும், வாரண்டியும் கிடைக்காமல் போகலாம். ஆகவே இணைப்புப் பிரேக்கர் மூடுமுன் இருபக்க வோல்டேஜும் ஃபேஸும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் ரிலே, அல்லது ஒரு பக்கம் செத்துக் கிடந்தால் மட்டுமே மூட விடும் இன்டர்லாக், இரண்டில் ஒன்று கட்டாயம்.

## 3. ஃபால்ட் கரண்ட் கணக்கு: பிரேக்கர் ஏன் விழவில்லை

தெருவில் 500 கேவிஏ டிரான்ஸ்பார்மர், இம்பீடன்ஸ் 5 சதவீதம் என்று வைப்போம். முழு லோட் கரண்ட் 722 ஆம்பியர். டெர்மினலில் ஷார்ட் ஆனால் 14,400 ஆம்பியர். கேபிளைக் கடந்து உங்கள் டிபி போர்டுக்கு வரும்போது குறைந்தாலும் ஆயிரங்களில் இருக்கும். சி20 பிரேக்கர் (சி வகை, 20 ஆம்பியர்) உடனே விழ 100 முதல் 200 ஆம்பியர் போதும். லைன் இருக்கும்போது எல்லாம் சரியாக வேலை செய்வதன் ரகசியம் இவ்வளவுதான்.

லைன் போய்விட்டது. 12 கிலோவாட்டை 1.732 பெருக்கல் 400-ஆல் வகுத்தால் ஃபேஸுக்கு 17.3 ஆம்பியர். ஷார்ட் ஆனாலும் இன்வெர்ட்டர் தன் டிரான்சிஸ்டர்களைக் காப்பாற்ற 1.2 முதல் 2 மடங்குக்குள் கரண்டைக் கட்டிப்போடும். ஒன்றரை மடங்கு என்றால் 26 ஆம்பியர். மூன்றும் சேர்ந்தால் 78. இப்போது பிரேக்கர்களின் பார்வையில் பாருங்கள். 63 ஆம்பியர் மெயின் பிரேக்கருக்கு 26 ஆம்பியர் என்பது சாதாரண லோட். சி20 உடனே விழாது. சூடாகி விழ நேரம் வேண்டும், அதற்குள் இன்வெர்ட்டர் தானே மூடிக்கொள்ளும். பி10 பிரேக்கர் 30 முதல் 50 ஆம்பியருக்குள் உடனே விழும். மூன்றும் இணைந்திருந்தால் நிச்சயம் விழும், ஒன்று மட்டும் தனியே ஓடினால் நம்ப முடியாது.

இங்கே இரண்டு பொறி. ஒன்று, டேட்டாஷீட்டில் "இரண்டு மடங்கு, 10 விநாடி" என்று பார்த்து மகிழ்வது. அது ஓவர்லோட் தாங்கும் சக்தி. வோல்டேஜ் நின்றுகொண்டிருக்கும்போது சொல்வது. வோல்டேஜ் விழுந்த பிறகு எத்தனை ஆம்பியர், எத்தனை மில்லிவிநாடி தருவான் என்பது வேறு எண். அதைக் கம்பெனியிடம் எழுத்தில் வாங்குங்கள். மற்றொன்று, "தனியே ஓடும்போது கரண்ட் குறைவுதானே" என்று 3 கிலோஆம்பியர் மட்டும் முறிக்கும் மலிவுப் பிரேக்கர் வாங்குவது. அதே பிரேக்கர் நாளைக்கு லைன் வந்ததும் ஆயிரக்கணக்கான ஆம்பியரைச் சந்திக்கும். முறிக்கும் திறனுக்கு லைன் நிலை, விழும் அளவுக்குத் தனி நிலை. இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும்.

ஜெனரேட்டர் இடைப்பட்ட ஆள். 30 கேவிஏ என்றால் 43 ஆம்பியர். ஷார்ட் ஆன முதல் சில சைக்கிளில் ஏழு, எட்டு மடங்கு கொடுக்கும். அதன் ஏவிஆர் (வோல்டேஜைச் சீராக வைக்கும் கருவி) தன் சொந்த அவுட்புட்டிலிருந்தே மின்சாரம் எடுக்கும் ரகமென்றால் உடனே சுருண்டுவிடும். தனிக் காந்தமோ துணை வைண்டிங்கோ இருக்கும் ரகமென்றால் சுமார் மூன்று மடங்கைப் பத்து விநாடி போலத் தாங்கும். வாடகைக்கு எடுக்கும்போது இதைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

ஆக, செய்யக்கூடியது: லைட் சர்க்கியூட்டுகளை பி6, பி10 என்று சிறிதாகப் பிரியுங்கள். தண்ணீர் மோட்டார், குளிரறை, பெரிய கீசர் எல்லாம் லைன் பக்கமே இருக்கட்டும். இதனால் ஓரளவு சரியாகும், முழுக்க ஆகாது. மீதியை எர்த் லீக்கேஜும் வோல்டேஜ் ரிலேயும் பார்க்க வேண்டும்.

## 4. நியூட்ரல்-எர்த் பாண்ட்: ஒரே ஒன்று, எப்போதும்

அதிகமான குழப்பம் இங்கேதான், ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

லைன் இருக்கும்போது நியூட்ரலும் எர்த்தும் சேரும் இடம் விநியோகிப்பவர் பக்கம் இருக்கிறது. லைன் போனதும் இன்வெர்ட்டர் தன்னை லைனிலிருந்து வெட்டிக்கொள்கிறது, அந்த பாண்டும் போய்விடுகிறது. இப்போது ஃபேஸ் கம்பி அலுமினியக் கதவில் பட்டாலும் கரண்ட் திரும்பி வர வழியில்லை. எர்த் லீக்கேஜ் அசையாது, டெஸ்ட் பட்டனை அமுக்கினால் மட்டும் நல்ல பிள்ளையாக விழும். ஏனென்றால் அந்தப் பட்டன் பாண்டைச் சோதிப்பதில்லை.

அதனால் தனி நிலைக்குப் போகும்போது உள்ளூரில் ஒரு பாண்ட் மூட வேண்டும். பல இன்வெர்ட்டர்களில் இதற்கு உள்ளேயே ரிலே உண்டு. தனிக் கட்டடத்துக்கு இது சரி. மூன்றை இணைத்ததும் மூன்று ரிலேயும் மூடும், மூன்று பாண்ட் உருவாகும், நியூட்ரல் கரண்டின் ஒரு பங்கு எர்த் கம்பி வழியாகவும் ஆர்மர் வழியாகவும் ஓட ஆரம்பிக்கும். விளைவு: ஃபால்டே இல்லாமல் எர்த் லீக்கேஜ் விழும், அதுவும் ஃபால்ட் இல்லாத கட்டடத்தில் விழும். பொறுமை இழந்த யாரோ ஒருவர் எர்த் லீக்கேஜையே பைபாஸ் செய்வார். அந்த நாளிலிருந்து கோயில் ஆபத்தான இடம்.

சரியான ஏற்பாடு: இணைந்த நிலையில் தலைவர் கட்டடத்தில் மட்டும் பாண்ட். மற்ற இரண்டின் பாண்ட் ரிலே, இணைப்புப் பிரேக்கர் திறந்திருந்தால் மட்டுமே மூடும்படி, அதன் துணைக் கான்டாக்ட் வழியாகப் போக வேண்டும். இணைப்புப் பிரேக்கரும் லைன் சேஞ்ச்ஓவரும் நான்கு போல். நியூட்ரலும் சேர்ந்து வெட்டுப்பட வேண்டும். மூன்று போல் வாங்கிக் காசு மிச்சம் பிடித்தால் இந்த இன்டர்லாக் முழுவதும் வீண்.

சோதிக்கும் முறை எளிது. எல்லாவற்றையும் அணைத்து, செத்ததை மீட்டரால் உறுதிசெய்து, தெரிந்த ஒரே பாண்டைக் கழற்றுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓம் அளந்தால் மெகாஓம் காட்ட வேண்டும். ஓர் ஓம், இரண்டு ஓம் என்று காட்டினால் எங்கோ இரண்டாவது பாண்ட் ஒளிந்திருக்கிறது. பழைய டிபி போர்டில் எப்போதோ போட்ட ஒரு துண்டுக் கம்பியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். நான்கு நிலையிலும் இதைச் செய்யுங்கள். அரை நாள் ஆகும்.

## 5. எர்த் லீக்கேஜைப் படி வைத்து அமையுங்கள்

ப்ளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர் சட்டப்படியே கட்டாயம். தவறு அதற்கு மேலே நடக்கிறது: கட்டடத்தின் மெயினிலும் 30, இணைப்புக் கேபிளிலும் 30 என்று வைத்தால் சமையற்கூடத்து மாவரைக்கும் கிரைண்டரில் ஈரம் பட்டால் மூன்றும் போட்டி போட்டு விழும். இணைப்புக் கேபிளின் தலைப்பில் 300 மில்லிஆம்பியர், எஸ் வகை என்கிற தாமத ரகம் போடுங்கள். கீழே இருப்பது முதலில் விழும், மேலே இருப்பது காத்திருக்கும். விழுந்தது எது என்பதே இடத்தைச் சொல்லிவிடும்.

ஒரு சர்க்கியூட் குழுவுக்கு ஓர் எர்த் லீக்கேஜ் என்று பிரித்தால் தேடும் நேரம் இன்னும் குறையும். டிரான்ஸ்பார்மர் இல்லாத இன்வெர்ட்டர் இருக்கும் பாதையில் ஏசி வகை வாங்காதீர்கள்; கசியும் டிசி அதன் காந்தச் சுருளைக் குருடாக்கிவிடும். இன்வெர்ட்டர் கையேடு ஏ வகையா பி வகையா என்று சொல்லும். பி வகையின் விலை பல மடங்கு. கையேடு கேட்டால் வாங்கத்தான் வேண்டும்.

## 6. இணைப்புப் பிரேக்கர்: முதலில் பிரி, பிறகு தேடு

ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நேரே ஷார்ட் ஆனால் எர்த் லீக்கேஜ் பார்க்காது, கரண்ட் போதாததால் பிரேக்கரும் பார்க்காது. மிச்சம் இருக்கும் ஒரே சாட்சி வோல்டேஜ். ஃபால்ட் நேரத்தில் அது தரைமட்டமாகும்.

இணைப்புப் பிரேக்கரின் இருமுனையிலும் வோல்டேஜ் ரிலே வைத்து, 70 சதவீதத்துக்குக் கீழே 0.3 விநாடி போனால் திறக்கச் சொல்லுங்கள். மூன்று கட்டடமும் பிரியும். நல்ல இரண்டும் உடனே வோல்டேஜை மீட்கும், கெட்டது மட்டும் இருட்டில் கிடக்கும். ஒரே செலவில் பாதுகாப்பும் இடம் கண்டுபிடிப்பும் முடிந்தது.

இது நடக்க, ஷார்ட்டை 0.3 விநாடிக்கு மேல் தாங்கி நிற்கும் இன்வெர்ட்டர் வேண்டும். 0.1 விநாடியில் மூடிக்கொள்ளும் ரகமென்றால் ரிலே திறப்பதற்குள் எல்லாம் அணைந்திருக்கும். அதற்கும் வழி உண்டு: வோல்டேஜ் போனால் தானே திறந்துவிடும் பிரேக்கர் போடுங்கள். இருட்டானதும் இணைப்புகள் திறந்தே இருக்கும். ஒவ்வொரு இன்வெர்ட்டரும் தனியே மறுபடி எழும்ப முயலும். எழ முடியாதது குற்றவாளி. சில விநாடி இருட்டு, அவ்வளவே. சாமிக்கு முன்னால் காமாட்சி விளக்கு எப்படியும் எரிந்துகொண்டிருக்கும்.

தொந்தரவு தருவது மோட்டார். 2.2 கிலோவாட் பம்ப் நேரே ஸ்டார்ட் ஆனால் தன் கரண்டின் ஐந்து முதல் ஏழு மடங்கை இழுக்கும், தனி நிலையில் வோல்டேஜ் அரை விநாடிக்கு மேல் சரியும், ரிலே ஃபால்ட் என்று நினைத்துப் பிரிக்கும். ரிலேயின் நேரத்தைக் கூட்டிச் சமாளிக்காதீர்கள், பம்ப்புக்கு மோட்டாரை மெதுவாக எழுப்பும் விஎஸ்டி மாட்டுங்கள்.

திசை காட்டும் ஓவர்கரண்ட் ரிலே என்று விற்பனையாளர் ஒன்றைக் காட்டுவார். கேட்க நன்றாக இருக்கும்: இரு முனையிலும் கரண்ட் கேபிளுக்குள் பாய்ந்தால் ஃபால்ட் கேபிளில், ஒரு முனையில் உள்ளே, மறுமுனையில் வெளியே என்றால் ஃபால்ட் அப்பால். கருத்து சரி. ஆனால் அவற்றில் பல, சுழலும் ஜெனரேட்டரின் ஃபால்ட் கரண்டை மனதில் வைத்துச் செய்தவை. நெகட்டிவ் சீக்வென்ஸ் கரண்டை (மூன்று ஃபேஸின் சமநிலை குலையும்போது தோன்றும் பகுதியை) பார்த்துத் திசை முடிவுசெய்யும் ரிலேக்கு, அந்தக் கரண்டையே அடக்கிவைக்கும் இன்வெர்ட்டர் தவறான திசையைக் காட்டக்கூடும். பணம் இருந்தால் இரு முனைக் கரண்டையும் ஒப்பிடும் டிஃபரன்ஷியல் ரிலே வாங்குங்கள். உள்ளே போனதும் வெளியே வந்ததும் சமமில்லை என்றால் ஃபால்ட் அந்தக் கேபிளில்தான், மடங்கு எவ்வளவு என்ற கேள்வியே இல்லை. இரண்டுக்கும் நடுவே ஃபைபர் போடுங்கள். கட்டடத்திலிருந்து கட்டடத்துக்கு நெட்வொர்க் செம்புக் கேபிள் இழுத்தால், கோடை இடி ஒன்று போதும், இரு பக்க ரிலேயும் இன்வெர்ட்டர் கம்யூனிகேஷன் போர்டும் சேர்ந்து போகும். இணைப்புக் கேபிளின் இரு முனையிலும் இடி மின்னலின் மிகை வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டர் தனியாக வேண்டும்.

## 7. ஃபால்ட் வந்த நாள்: தேடும் வரிசை

எதையும் ரீசெட் செய்யுமுன் போனை எடுத்துப் படம் பிடியுங்கள்: விழுந்த பிரேக்கர், ரிலே கொடி, மூன்று இன்வெர்ட்டர் திரையிலும் உள்ள கோடு, நேரம். மூன்றின் கடிகாரமும் ஒரே நேரம் காட்டாவிட்டால் எது முதலில் போனது என்று சொல்ல முடியாது. இன்றே சரிசெய்து வையுங்கள். கமிட்டி ஆள் செய்யலாம் என்பது இதுவரைதான். கவர் திறக்கும் வேலை பதிவுள்ள எலக்ட்ரீஷியனுக்கு.

இணைப்புகளைத் திறந்து ஒவ்வொரு கட்டடத்தையும் தனியே எழுப்புங்கள். எழாத கட்டடத்தில் எல்லா பிரேக்கரையும் அணைத்து ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். எல்லாம் எழுந்தால் சந்தேகம் கேபிளின் மேல்.

எல்லா பிரேக்கரும் அணைந்த நிலையிலும் எர்த் லீக்கேஜ் நிற்க மறுக்கிறதா? அது நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையிலான தொடுதல். ஒற்றை போல் பிரேக்கர் நியூட்ரலை வெட்டுவதில்லை; எத்தனை தடவை மேலும் கீழும் தட்டினாலும் அகப்படாது. மெயினை வெட்டி, நியூட்ரல் பட்டையிலிருந்து கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றி எர்த்துக்கு மெக்கர் போட வேண்டும். 500 வோல்ட் டிசி, 1 மெகாஓமுக்குக் கீழே வந்தால் தோல்வி. மெக்கர் போடுமுன் இன்வெர்ட்டர், சர்ஜ் அரெஸ்டர், எல்இடி டிரைவர் மூன்றையும் பிரித்துவிடுங்கள். அரெஸ்டரை மறந்தால் நல்ல சர்க்கியூட்டும் கெட்டதாகக் காட்டும். மற்ற இரண்டை மறந்தால் புதிதாக வாங்க வேண்டும். இன்வெர்ட்டரை அணைத்த பிறகும் உள்ளே கெப்பாசிட்டரில் மின்சாரம் நிற்கும். கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, மீட்டரால் பார்த்து, பூட்டுப் போட்டுத் தொடுங்கள்.

விடிகாலையில் விழுந்து பத்து மணிக்குச் சரியாகிவிடும் ஃபால்ட் என்றால் பனி ஈரம். நான்கு கம்பியையும் சேர்த்து லீக்கேஜ் கிளாம்ப்புக்குள் விட்டு ஆறு மணிக்கு ஒருமுறை, பத்து மணிக்கு ஒருமுறை அளந்து ஒப்பிடுங்கள். சாதாரண கிளாம்ப் மீட்டர் மில்லிஆம்பியரைக் காட்டாது. பெரும்பாலும் வெளிச்சுவர் லைட், கூரை கனெக்டர், இல்லையென்றால் திருவிழா சீரியல் பல்புக்காக இழுத்துப் பிறகு கழற்றாமல் விட்ட ஒயர்.

## 8. புதைத்த கேபிளில் எத்தனையாவது மீட்டர்?

டிடிஆர் கருவி (கேபிளில் துடிப்பை அனுப்பி, அது எதிரொலித்து வரும் நேரத்தால் தூரம் சொல்வது) இருந்தால் முதலில் நல்ல கோரில் அனுப்பி 84 மீட்டர் காட்டும்படி வேகத்தைச் சரிசெய்துகொண்டு, பிறகு கெட்ட கோரில் அனுப்புங்கள். கம்பி அறுந்ததையும் நேரடி ஷார்ட்டையும் அது பிடிக்கும். தண்ணீர் புகுந்து சில ஆயிரம் ஓமில் கசிவது அதன் கண்ணில் படாது. நமக்கு அதிகம் வருவதோ அதுதான். அதற்குக் கார் பேட்டரி போதும்.

கேபிளை இரு முனையிலும் முழுக்கக் கழற்றுங்கள். ஒரு கோர் ஆர்மருக்குக் கசிகிறது, ஒரு கோர் நன்றாக இருக்கிறது என்று மெக்கரில் தெரிந்துவிட்டது. தூரமுனையில் இரண்டையும் தடித்த, குட்டையான துண்டால் இறுக்கிச் சேருங்கள். இந்த முனையில் 12 வோல்ட் பேட்டரியை, 55 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டைப் பேரலலாக்கி அவற்றின் வழியாக, இந்த இரு கோருக்கும் கொடுங்கள். சுமார் 9 ஆம்பியர் ஓடும். பேட்டரி எர்த்தோடு எங்கும் தொடக்கூடாது, காரிலிருந்து கழற்றித் தரையில் ரப்பர் மேல் வையுங்கள்.

இப்போது மல்டிமீட்டரில், ஆர்மருக்கும் கெட்ட கோரின் முனைக்கும் இடையே அளந்தது 0.43 வோல்ட். ஆர்மருக்கும் நல்ல கோரின் முனைக்கும் இடையே 1.31 வோல்ட். இரண்டையும் கூட்டினால் 1.74. போய்வரும் நீளம் 168 மீட்டர். 168 பெருக்கல் 0.43, வகுத்தல் 1.74: 41.5 மீட்டர். ஃபால்ட் அங்கே. மீட்டர் வழியாகக் கரண்ட் ஓடாததால் கசிவு எத்தனை ஓம் என்பது கணக்கில் வராது. பத்தாயிரம் ஓம் என்றாலும் இதே விடை. மீட்டர் முனையைச் செம்பில் நேரே வையுங்கள், பேட்டரிக் கிளிப்பின் மேல் வைத்தால் கிளிப்பின் இழப்பும் சேர்ந்து வரும். பிறகு மறுமுனையிலிருந்து முழுவதும் திரும்பச் செய்யுங்கள். 42.5-க்கு அருகே வர வேண்டும். இரண்டும் கூட்டி 84 வராவிட்டால் மண்வெட்டியைத் தொடாதீர்கள். ஒன்று கேபிள் நீளம் தவறு, அல்லது ஃபால்ட் இரண்டு இடத்தில்.

நல்ல கோர் ஒன்றுகூட இல்லையா? தரையில் ஒரு தற்காலிகக் கம்பியைத் தூரமுனை வரை விரித்து அதையே திரும்பும் வழியாக்குங்கள். தூரமுனையில் கெட்ட கோருக்கும் ஆர்மருக்கும் இடையே இன்னொரு அளவு எடுங்கள். அப்போது 84-ஐ மட்டும் அந்த விகிதத்தில் பிரித்தால் போதும்.

41.5 என்பது கேபிள் வழி நீளம். இரு முனையிலும் சுருட்டி விட்டது, குழியில் வளைந்து போனது எல்லாம் அதில் சேர்த்தி. புதைக்கும் நாளிலேயே சுவர் மூலையிலிருந்தும் கொடிமரத்திலிருந்தும் டேப் பிடித்து வரைந்த படம் கையில் இருந்தால் ஒரு மீட்டர் குழியில் முடியும். இல்லையென்றால் பத்து மீட்டர் தோண்டுவீர்கள். கண்டுபிடித்த இடத்தில் சும்மா டேப் சுற்றி மூடாதீர்கள், ரெசின் ஜாயிண்ட் போடுங்கள். ஜாயிண்டின் இடத்தையும் படத்தில் குறியுங்கள், அடுத்த மழையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

## 9. மாதம் ஒருமுறை

முதலில் எர்த் கம்பி அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். ஆர்மர்டு கேபிளோடு சேர்த்துப் போட்ட வெறும் செம்புக் கம்பி கண்ணில் படும் இடத்தில் இருந்தால் ஒரு நாள் காணாமல் போகும். விளக்கெல்லாம் எரியும், எதுவும் நின்றுபோகாது. பாதுகாப்பு மட்டும் இல்லை. சுவரோரம் வரும் பகுதியைக் குழாய்க்குள் விட்டுக் கான்கிரீட் பூசுங்கள், இரு கட்டடத்து எர்த் பட்டைக்கும் இடையே ஓம் அளந்து தேதியோடு எழுதிவையுங்கள்.

எர்த் லீக்கேஜ் பட்டனை லைன் நிலையில் ஒருமுறை, லைன் மெயினை அணைத்துத் தனி நிலையில் ஒருமுறை அமுக்குங்கள். சர்ஜ் அரெஸ்டர் ஜன்னல் சிவப்பா என்று பாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, காவடிக்கு ஒரு மாதம் முன்பே, எலக்ட்ரீஷியனை வரவழைத்து இணைப்புப் பிரேக்கரை உண்மையில் திறக்க வைத்துப் பாருங்கள்; பாண்ட் ரிலே மாறியதா என்பதை நான்காம் படியில் சொன்ன ஓம் அளவால் உறுதிசெய்யச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் சாஃப்ட்வேர் அப்டேட் செய்த நாளிலும் இதே சோதனை வேண்டும், ஏனென்றால் சில அப்டேட்கள் பாண்ட் ரிலே அமைப்பையும் வோல்டேஜ் எல்லைகளையும் கம்பெனி அளவுக்கே திருப்பிவிடும். பழைய செட்டிங் தாளின் ஒரு பிரதியை லாமினேட் செய்து டிபி போர்டுக் கதவின் உட்பக்கம் ஒட்டிவையுங்கள்.